காசு டீம்

ஷூ லேஸை எப்போதும் இரட்டை முடிச்சாகப் போடுகிறவன் நான். ஆட்டத்தின் நடுவில் அவிழ்ந்து தொலைக்குமோ என்கிற பயம். அன்று காலை ஜவ்வாது மலையில், ஓர் ஊர்க் களத்தின் ஓரத்தில் குந்தியபடி அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். குளிரில் விரல்கள் மரத்திருந்தன. முந்தின வாரம்தான் அங்கே கேழ்வரகு அடித்திருக்கிறார்கள். தூசும் உமியும் இன்னும் அடங்கவில்லை. மூக்கு அரித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் வாலிபால் டீமில் மற்றவர்கள் எல்லோரும் ஷூவைக் கழற்றிப் புளியமரத்தடியில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு களத்தில் ஏறிப் பந்து தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒருவன்தான் பாக்கி.

மைக்கில் குரல் கேட்டது. "ஆலங்காயம் டீம் ரெடிங்களா? ஒருத்தரு மட்டும் இன்னும் பூட்ஸோட மல்லுக்கட்டிக்கினு இருக்காரு. யாராவது கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். இன்றைக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். என்ன தெரிந்துவிடப் போகிறது என்பதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அண்ணன் கடை பனியன்

ஆலங்காயத்தில் என் அண்ணனுக்குப் பெயின்ட், இரும்புச் சாமான் கடை. நானும் அங்கேதான் இருக்கிறேன். ஷட்டரைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, வண்டியில் ஏறி, மறுபடியும் இறங்கி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் பயங்கள் பழக்கமாகியிருக்கும். இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்கு இது ஒன்றே போதும்.

கொரோனா அடங்கி, சுற்று வட்டாரத்தில் மறுபடியும் போட்டிகள் நடக்கத் தொடங்கிய சமயம். எங்கள் தெருவில் ஒரு வாலிபால் டீம் இருந்தது. தேவன்தான் கேப்டன். வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. கறுத்த, ஒல்லியான ஆள். எகிறி அடித்தானென்றால் எதிர்ப் பக்கம் நிற்கிறவன் ஒதுங்கிக்கொள்வான். ஆட்டத்தில் வாய் ரொம்பப் பொல்லாதது.

நான் சாயங்காலம் மைதானத்து ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பேன். ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். ஆள் வந்துவிட்டால் வெளியே வந்துவிடுவேன். அப்படியே சில மாதம் போனது.

ஒருநாள் அண்ணனுக்கு என்ன தோன்றியதோ, "பசங்க நல்லா ஆடுறானுங்கப்பா, நாம எதுனா செய்யலாம்" என்றார். பனியன், டிரவுசர், ஷூ, நல்ல பந்து, வெளியூர் போக வேன், ஜெயித்தால் பிரியாணி. பனியன் முதுகில் ஆட்டக்காரரின் நம்பரைவிடக் கடையின் பெயர் பெரிதாக இருந்தது. பெயின்ட் வியாபாரிக்கு அந்த ஆசைகூட இருக்கக் கூடாதா என்ன.

பனியன் வந்த மறுநாள் தேவன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். "கொமாரு, நீ இனிமே ரெகுலரா ஆடு. பின்னாடி நடுவுல நின்னுக்கோ."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ஆமா, நேத்துதான உங்கண்ணன் ஷூ வாங்கிக் குடுத்தாரு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னார். அந்தத் தோசை எனக்கு இறங்கவில்லை.

அன்று பிடித்தது இந்தச் சந்தேகம். தேவன் என்னைக் கூப்பிட்டது என் கைக்காகவா, என் அண்ணன் கைக்காகவா?

டீக்கடை வழக்கு

அதற்குப் பிறகு நாங்கள் தோற்றதே அபூர்வம். திருப்பத்தூர், கலசப்பாக்கம், மலைமேல் என்று எங்கே போனாலும் கோப்பை எங்கள் வேனில்தான் திரும்பி வந்தது. கூடவே ஒரு பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. காசு டீம்.

அந்தப் பெயரை வைத்தவர் பொன்னுசாமி. மலைமேல் நடக்கிற அந்தப் போட்டிக்கு ஒவ்வொரு வருஷமும் மைக் பிடிக்கிறவர். கொஞ்சம் நிலம், கொஞ்சம் புளியமரம், நிறைய வாய். "அடுத்து களம் எறங்குறது காசு டீம்ங்க" என்று அவர் மைக்கில் சொன்னதும் விசில் பறக்கும். சுற்று வட்டாரம் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது.

ஆலங்காயம் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் இது தினசரி வழக்கு. காசால்தான் ஜெயிக்கிறார்கள் என்பது ஒரு கட்சி. வழுக்காத ஷூ, தினம் நல்ல பந்தில் பழக்கம், வேனில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டு போய் இறங்குகிறார்கள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற டீம் எப்படி ஈடுகொடுக்கும் என்று கேட்பார்கள். நியாயமாகத்தான் தோன்றும். அப்படியானால் தேவனுக்கு எகிறுகிற காலைப் பெயின்ட் கடையிலா வாங்கினார்கள் என்று இன்னொரு கட்சி கேட்கும். அதுவும் நியாயமாகத் தோன்றும்.

திறமைதான் என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தினவன் நான். டீ ஆறிப்போகும்வரை வாதாடுவேன். டீமுக்காகத்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். என் கணக்கு வேறு. டீம் திறமையால் ஜெயிக்கிறது என்றால், டீமில் இருக்கிற எனக்கும் திறமை இருக்கிறது என்று ஆகிறதல்லவா? அதை யாராவது ஒருவர் சொல்லிவிட மாட்டாரா என்று ஏங்கினேன். ஒருவரும் சொல்லவில்லை. என் பெயரே அந்த வழக்கில் அடிபடவில்லை.

எங்கள் பக்கத்துப் போட்டிகளில் ஆட்டக்காரர்கள் இடம் மாறிச் சுற்றுகிற முறை கிடையாது. அவரவர் இடத்தில் அவரவர் நின்று ஆட வேண்டியதுதான். பின்வரிசை நடுவில் நான். எனக்கு இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் பாதிப் பந்தை எனக்கு முன்னால் பாய்ந்து எடுத்துவிடுவார்கள். சுறுசுறுப்பான பையன்கள் என்று அதை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இது களம்"

மலைப் போட்டி வழக்கமாக அந்த ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கும். நான் சொல்கிற வருஷம் அங்கே புது வகுப்பறை கட்ட ஜல்லியும் மணலும் கொட்டி வைத்திருந்தார்கள். அதனால் ஊர்ப் பொதுக் களத்துக்கு மாற்றிவிட்டார்கள். கேழ்வரகும் சாமையும் அடிக்கிற களம். சாணம் மெழுகி, இரண்டு கம்பம் நட்டு வலை கட்டி, சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

நாங்கள் வேனை விட்டு இறங்கியதுமே பொன்னுசாமி எதிரே வந்தார்.

"பூட்ஸு, செருப்பு எதுவும் களத்துல ஏறக் கூடாதுங்க. சோறு வுழுற எடம். எங்க டீமுக்கும் அதேதான். கலெக்டரே வந்தாலும் அதேதான்."

"இன்னாங்க இது, போன வருசம்லாம் ஷூவோடதான ஆடுனோம்?" என்றான் தேவன்.

"போன வருசம் பள்ளிக்கூடத்துல ஆடுனீங்க. இது களம்."

பெண்கள் முறத்தோடு ஏறும்போதுகூடச் செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறுகிற இடம் அது என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் பொன்னுசாமி முகத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. காசு டீமின் காசை இன்று காலிலிருந்து கழற்றிவிட்டோம் என்கிற சிரிப்பு. சுற்றி நின்ற மலைக்காரர்கள் எல்லோருக்கும் அந்தத் திருப்தி இருந்தது. கோப்பை இந்த வருஷம் மலையை விட்டு இறங்காது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார்கள்.

நான் ஒதுங்கிப் போய் அண்ணனுக்குப் போன் போட்டேன். சிக்னல் வந்து வந்து போனது.

"ஷூ போடக் கூடாதா? இன்னா அக்கிரமம் இது? திரும்பி வந்துடுங்க. நமக்கு இன்னா தலையெழுத்தா?" என்றார் அண்ணன்.

சொன்னால் நம்புங்கள், எனக்கு உயிர் திரும்பி வந்தது. திரும்பிவிடலாம். யாருக்கும் எதுவும் தெரியவராது. போனைக் கையில் பிடித்தபடியே ஓடிப்போய்த் தேவனிடம் சொன்னேன். அண்ணன் பேச்சை அவன் தட்டியதே கிடையாது.

தேவன் களத்தைப் பார்த்தான். மற்றவர்களைப் பார்த்தான்.

"அண்ணன் கிட்ட நா பேசிக்கிறேன். ஆடலாம்" என்றான்.

பிறகுதான் நான் குந்தி உட்கார்ந்து முடிச்சோடு மல்லுக்கட்டியது.

மாலை போட்ட மாப்பிள்ளைகள்

களத்தில் ஏறி நின்றேன். சாணம் மெழுகிய தரை சில்லென்றிருந்தது. அங்கங்கே மெழுக்கு பெயர்ந்து பொடிக்கல் துருத்திக்கொண்டிருந்தது. நான் வெறுங்காலோடு வெளியே நடந்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்தேன். கோயிலுக்குப் போனால் உண்டு. அதுவும் வெயிலுக்கு முன்னால் போய்விடுவேன்.

தேவன் இரண்டு முறை எகிறிக் குதித்துப் பார்த்தான். கால் விரல்களை விரித்துத் தரையைப் பற்றினான். "அப்பாடா. இன்னிக்குதான்டா காலு தரையில படுது" என்றான்.

மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற ஏழுமலையிடம் கேட்டேன். ஏழுமலை எங்கள் ஏழாவது ஆள். டிராக்டர் ஓட்டுகிறவன், இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். மாற்று ஆட்டக்காரர் என்று பெயர் கொடுப்போம். பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருப்பான்.

"ஏன், ஷூ கடிக்குதா?"

"கடிக்குதோ இல்லியோ, எங்களுக்கு அது பழக்கமில்ல கொமாரு. வயல்ல, ரோட்டுல வெறுங்காலோட ஆடியே வந்தவனுங்க. தெனம் பழகும்போது போட்றமா, பாத்தியா?"

பார்த்திருக்கிறேன். ஷூ தேயக் கூடாதென்று பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அப்ப மேட்ச்சுக்கு மட்டும் ஏன் போட்டுக்குறீங்க?"

"அண்ணன் ஆசையா வாங்கிக் குடுத்தாரு. போடலன்னா மனசு கஷ்டப்படுவாரு இல்ல?" என்றான் ஏழுமலை. "எங்க மச்சான் கல்யாணத்துக்கு நா அதத்தான் போட்டுக்கினு போனேன்."

இத்தனை வருஷம் இவர்கள் ஷூவால் ஜெயிக்கவில்லை. ஷூவைச் சுமந்துகொண்டு ஜெயித்திருக்கிறார்கள், மாலையோடு உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி, மரியாதைக்காக. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். டீக்கடையில் நான் சொன்னதுதானே நிஜமாகிக்கொண்டிருந்தது. ஆனால் பயம் இன்னும் கூடிப்போனது. இவர்களுக்கு ஷூ வேண்டாம் என்றால், அந்த ஷூ யாருக்காக வந்தது?

வெயில் ஏறியது

அரையிறுதியைக் காலையிலேயே முடித்துவிட்டோம். எதிரே கலசப்பாக்கம் பக்கத்து டீம். அவர்களும் ஷூவைக் கழற்றிவிட்டுத் தடுமாறினார்கள். தேவன் பேயாட்டம் ஆடினான். என்னிடம் வந்த பந்து குறைவு. வந்ததில் இரண்டைத் தவறவிட்டேன். தேவன் தலையாட்டிவிட்டு அடுத்த பந்துக்குத் திரும்பினான்.

இறுதி ஆட்டம் உச்சி வெயிலில். மலையில் காலையில் நடுங்க வைத்த அதே தரை மதியத்தில் தோசைக்கல்லாகிவிட்டது. எதிரே அந்த ஊர் டீம். களத்தைச் சுற்றி ஊரே நின்றது. புளியமரத்துக் கிளையில்கூட ஆள்.

முதல் சில சர்வீஸ்களிலேயே அவர்களுடைய கேப்டன் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். நான் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு வந்த சர்வீஸ் எல்லாம் எனக்குத்தான். பந்து வருகிறது, கால் தரையில் அழுந்த மறுக்கிறது, நான் நுனிக்காலில் தத்துகிறேன், பந்து கையில் பட்டுக் கூட்டத்துக்குள் போகிறது. மறுபடியும். மறுபடியும்.

"பின்னாடி நடுவுல கதவு தொறந்து கெடக்குதுங்க, எல்லாரும் வரலாம், போலாம்" என்றார் பொன்னுசாமி மைக்கில்.

முதல் செட் போனது. இடது பாதத்தில் கொப்புளம் உடைந்து ஈரம் பட்டது. இரண்டாவது செட்டிலும் அதே கதை தொடங்கியது. தேவன் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினான்.

தேவன் ஆட்டத்தில் எப்படிப் பேசுவான் என்று சொன்னேனல்லவா. பந்தை விட்டவனின் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுப்பான். "வெளிய போடா நாயே" என்று பனியனைப் பிடித்துத் தள்ளியதையெல்லாம் பார்த்திருக்கிறேன். அவனிடம் அந்த வசவை வாங்காதவன் எங்கள் டீமில் கிடையாது. அந்த நிமிஷம்தான் உறைத்தது. என்னைத் தவிர.

என் பக்கத்தில் வந்து நின்றான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கொமாரு, காலு எரியுதா?"

"எரியுது."

"கொஞ்ச நேரம் வெளிய ஒக்காந்துக்கிறியா? உனக்கு ஒன்னும் இல்லன்னா."

கேப்டன் என்னிடம் அனுமதி கேட்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பின்வரிசையில் நின்ற மற்ற இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஏதாவது மனஸ்தாபப்படுவேனோ, அண்ணனிடம் போய்ச் சொல்வேனோ என்கிற கவலை மூன்று பேர் முகத்திலும் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. வெயிலுக்கு முகத்தைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

"ஏழுமலைய எறக்கு. எனக்கு முடியல" என்றேன்.

ஏழுமலை லுங்கியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு டிரவுசரோடு களத்தில் ஏறினான். போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

மைக்கில் வந்த தீர்ப்பு

வெளியே வந்ததும் முதல் வேலையாக ஷூவை மாட்டிக்கொண்டேன். தரையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை.

எதிர் டீம் அதே இடத்துக்குச் சர்வீஸ் போட்டது. ஏழுமலை அசையாமல் நின்று வாங்கினான். பந்து நேராக முன்வரிசைக்குப் போனது. தேவன் அடித்தான். அடுத்ததும் அப்படியே. பக்கத்தில் நின்ற இருவரும் இப்போது நடுவே பாயவில்லை. அவரவர் இடத்தில் நிம்மதியாக நின்றார்கள். அந்தச் சுறுசுறுப்பு எதற்கென்று எனக்கு அப்போது புரிந்தது. எத்தனை வருஷமாக என் பந்தையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள்.

ஒரு மனசு ஏழுமலை ஒரு பந்தையாவது விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. இன்னொரு மனசு விடக் கூடாது என்று பதறியது. அவன் ஒன்றைக்கூட விடவில்லை.

இரண்டாவது செட்டும் மூன்றாவது செட்டும் எங்களுக்கு. கடைசிப் பந்து அவர்கள் பக்கம் விழுந்தது. பிறகு எங்கிருந்தோ ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

பொன்னுசாமி மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"இவங்களுக்குக் காசு டீம்னு பேரு வச்சவன் நான்தாங்க. பூட்ஸாலதான் ஜெயிக்கிறாங்கன்னு நெனச்சேன். இன்னிக்கு வெறுங்காலோட நின்னு ஆறு பேரும் ஆடுனத பாத்துட்டேன். காசு கெடையாதுங்க இது, ஆட்டம். இனிமே அந்தப் பேரு வாணாம்."

டீக்கடை வழக்கு முடிந்தது. நான் எந்தப் பக்கம் நின்று வாதாடினேனோ அந்தப் பக்கமே ஜெயித்தது. அந்த டீமில் காசு வாங்கிக்கொடுத்த இடம் ஒன்றே ஒன்றுதான். பின்வரிசை, நடு. அந்த ஓர் இடத்துக்காக மற்றவர்கள் எல்லோரும் அத்தனை வருஷம் அந்தப் பெயரைச் சுமந்தார்கள். அவர்களுக்கு அது தெரிந்தும் இருந்தது. ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

களத்தின் நடுவில் கோப்பையை வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். தேவன் என்னைத் தேடினான்.

"கொமாரு, இன்னா அங்கயே நின்னுட்ட? வாடா."

"ஷூ போட்டுட்டேன்டா. போன குடு, நானே எடுக்குறேன்."

இன்னொரு முறை கூப்பிடுவான் என்று நினைத்தேன். அவன் போனைக் கொடுத்துவிட்டுப் போய் நின்றான்.

களத்தின் விளிம்புக்கு வெளியே நின்று போனை உயர்த்தினேன். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். ஏழுமலை வெட்கப்பட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றான். தேவன் அவனை நடுவுக்கு இழுத்தான். ஒவ்வொருவராக எண்ணினேன். டீம் முழுசாக இருந்தது.